காற்றில் போட்ட தையல்

அந்தக் காலத்தில், ஆடு, மாடு, எறும்பு எல்லாம் மனுசரோடு வாய் விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், பவளாயி என்று ஒருத்தி இருந்தாள். கல்யாணமாகி வந்து ரொம்ப நாள் ஆகவில்லை. கையில் ஒரு பெண் குழந்தை. தவழத் தொடங்கியிருந்த பருவம்.

அப்போதெல்லாம் பசு, பால் கறக்கும்போதே, "இன்னைக்கு இவ்வளவு போதும், மிச்சம் என் கன்னுக்கு" என்று சொல்லிவிடும். கொசுகூட காதுக்குப் பக்கத்தில் வந்து, "கடிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கடிக்குமாம். வேண்டாம் என்று சொன்னால் போய்விடுமா என்றால், அது மட்டும் அப்போதும் கிடையாது.

இப்படி எல்லாமே பேசிக்கொண்டிருந்த வீட்டில் பேசாமல் இருந்தவள் பவளாயி ஒருத்திதான். அவளுக்கு அவ்வளவு கூச்சம். யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். "எங்க மருமகளுக்கு வாய் வச்சிருக்கிறது சோறு திங்கத்தான்" என்று அவள் மாமியார் வெங்கம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. வெங்கம்மாவுக்கு நினைத்ததை எல்லாம் சத்தமாகச் சொல்லிப் பழக்கம். அவ்வளவுதான்.

வீட்டுக்குப் பின்னால் கொல்லை. கொல்லையில் ஓர் அவரைப் பந்தல். பந்தலின் கடைசிக் காலுக்கும் மாட்டுக் கொட்டகைச் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் போகிற அளவுக்குச் சந்து. அதைத் தாண்டினால்தான் தண்ணீர்த் தொட்டியும் துவைக்கிற கல்லும். சுற்றிப் போக இன்னொரு வழியும் இருந்தது. ஆனால் அது கொட்டகைக்குப் பின்னால், சாணிக் குழி ஓரமாகப் போகிற வழி. பக்கத்தில் நல்ல வழி இருக்கும்போது சாணி மிதிக்க யாருக்கு ஆசை?

ஒரு நாள் காலை. குழந்தை நனைத்த துணிகளை எல்லாம் அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பவளாயி சந்துக்குள் நுழைந்தாள். மூட்டை கண்ணை மறைத்தது. திடீரென்று முகத்தில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியது. மூக்கு, புருவம், உதடு எல்லாம் நூல். "த்தூ, த்தூ" என்று துப்பிக்கொண்டே கையால் வழித்தாள்.

"நல்லாத் துப்பு! வீட்டை இடிச்சதும் இல்லாம துப்பவேற செய்" என்று பந்தல் காலிலிருந்து ஒரு குரல் வந்தது.

பார்த்தால் ஒரு தோட்டத்துச் சிலந்தி. வெள்ளி பூசினாற்போலத் தலை. வயிற்றில் மஞ்சள் வரி. அறுந்த நூலில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, தெரியலைக்கா" என்றாள் பவளாயி. மனுசரிடம் வராத பேச்சு மற்றதுகளிடம் கொஞ்சம் வரும் அவளுக்கு.

"பொழுது விடியறதுக்கு முன்னால எழுந்து கட்டினேன். ஒரு ஈ விழுந்துச்சா, ஒரு வெட்டுக்கிளி விழுந்துச்சா? நீ வந்து விழுந்துட்ட. உன்னை நான் எப்படித் தின்னு முடிக்கிறது?"

பவளாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "நெசமாவே தெரியலைக்கா. நீ கட்டினது கண்ணுக்கே படலை" என்றாள்.

சிலந்திக்கு அதைக் கேட்டதும் கோபத்திலும் ஒரு பெருமை. "படாது. படக் கூடாது. பட்டுட்டா ஈ எப்படி வந்து விழும்? கண்ணுக்குத் தெரியாம கட்டறதுதானே எங்க வேலை" என்றாள்.

"அப்போ வேற எங்கயாவது கட்டேன். இங்கே எல்லாரும் வந்து போற வழி."

"எங்கே போகச் சொல்ற? வீட்டுக்குள்ள மூலைக்கு மூலை எங்க சொந்தக்காரி ஒட்டடை கட்டி உக்காந்திருக்கா. மரத்துல ஓணான். வேலியில குளவிக் கூடு. இந்தச் சந்துலதான் காத்து வருது. தொட்டித் தண்ணி ஓடுற ஈரத்துக்கு ஈ வருது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் மாசமா இருக்கேன் தாயி. மழை பிடிக்கிறதுக்குள்ள முட்டை வச்சாகணும். அதுக்கு வயிறு நிறைய நான் தின்னாகணும்" என்றாள்.

பவளாயி அவளைப் பார்த்தாள். மாசமாக இருக்கிறவள் என்றால் வயிறு உப்பி இருக்க வேண்டாமா? இவள் வயிறு வற்றின அவரைக்காய் மாதிரி ஒட்டிக் கிடந்தது.

"உன் வீட்டுக்காரர் கொண்டுவந்து போட மாட்டாராக்கா?"

"அவரைப் பத்திக் கேட்காத."

"ஏன், வெளியூரா?"

"உள்ளூர்தான். வயித்துக்குள்ள."

பவளாயிக்கு அது முதலில் விளங்கவில்லை. அவரையே தின்றுவிட்டாள் என்று விளங்கினதும் சிரிப்பதா, பயப்படுவதா என்று தெரியாமல் துணி மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாளிலிருந்து பவளாயி அந்தச் சந்தில் போவதில்லை. துணி மூட்டையோ, இடுப்பில் குடமோ, எதுவானாலும் சாணிக் குழிப் பக்கமாகவே சுற்றிப் போனாள். ஆனால் அவள் ஒருத்தி போகாமல் இருந்தால் ஆயிற்றா? விடிந்ததும் புருசன் மாட்டை அவிழ்த்துக்கொண்டு அந்தச் சந்தில்தான் வருவான். அவன் தோள் துண்டில் பாதி வலை போகும். மாட்டுக் கொம்பில் மீதி போகும். சிலந்தி மறுபடி கட்டுவாள். வெங்கம்மா செம்பை எடுத்துக்கொண்டு வருவாள்.

"சீ, தினமும் இது ஒரு பிசாசு" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு போவாள்.

பவளாயி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். 'அத்தை, பார்த்து' என்று வாய் வரை வரும். அதற்குள் அத்தை நுழைந்துவிட்டிருப்பாள். இல்லாவிட்டால், ஒரு பூச்சிக்காகப் பெரியவர்களைச் சுற்றிப் போகச் சொல்வதா என்று வந்த வார்த்தை உள்ளேயே போய்விடும்.

"தின்னாத்தான் நூல் வரும். நூல் இருந்தாத்தான் தின்ன முடியும். இரண்டும் இல்லாமப் போனா நான் என்ன பண்றது?" என்று ஒரு மத்தியானம் சிலந்தி கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் பவளாயிக்கு என்னவோ செய்தது.

அன்றைக்கே ஒரு வேலை செய்தாள். வலைக்கு இரண்டு முழம் முன்னால், சந்தின் வாயில், பந்தல் காலிலிருந்து சுவரில் இருந்த ஆணி வரைக்கும் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டினாள். கயிறு இருந்தால் 'வழி அடைத்திருக்கிறது' என்று பார்த்துச் சுற்றிப் போவார்கள். வாயைத் திறந்து சொல்லவும் வேண்டாம். கட்டி முடித்ததும் அவளுக்கே தன் மேல் ஒரு சந்தோசம்.

மறுநாள் காலை, வெங்கம்மாவின் சத்தம் கொல்லையில் கேட்டது. "ஏ பவளாயி! நான் எத்தனை நாளாச் சொல்லிட்டிருந்தேன், இந்தப் பக்கம் துணி காயப்போட ஒரு கொடி வேணும்னு. உன் புருசன் காதுல விழவே இல்லை. நீயாவது கட்டினியே! சமர்த்துதான் நீ."

பவளாயி ஓடிப்போய்ப் பார்த்தாள். கயிறு முழுக்க ஈரத் துணி. நடுவில் வெங்கம்மாவின் புடவை, தண்ணீர் சொட்டச் சொட்ட. காற்று ஒரு தள்ளு தள்ளியது. புடவை படபடவென்று விரிந்து பின்னால் போய், வலை மேல் அப்படியே விழுந்து ஒட்டிக்கொண்டது.

மாமியார் போன பிறகு, புடவையின் முந்தானையில் சிக்கிக் கிடந்த சிலந்தியைப் பவளாயி விரலால் மெல்ல எடுத்துப் பந்தல் காலில் விட்டாள். ஒரு கால் கொஞ்சம் மடங்கியிருந்தது.

"நீ எனக்கு நல்லது செய்யறதை நிறுத்திட்டா நான் பிழைச்சுக்குவேன்னு நினைக்கிறேன்" என்றாள் சிலந்தி.

பவளாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கயிற்றை அவிழ்க்கவும் முடியாது. அவிழ்த்தால் ஏன் என்று அத்தை கேட்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் குழந்தைக்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். வெங்கம்மாவின் அண்ணன் குடும்பம், பவளாயியின் பிறந்த வீட்டார், அக்கம்பக்கம் எல்லாரும் வருவார்கள். பந்தி நடக்கும். பந்தி முடிந்ததும் அத்தனை பேரும் கை கழுவத் தொட்டிக்குத்தான் போவார்கள். சந்து வழியாகத்தான் போவார்கள்.

காது குத்துக்கு முந்தின நாள் மத்தியானம், குழந்தையைத் தூளியில் போடப் போனபோது தூளித் துணி கிழிந்திருந்தது. பவளாயி குழந்தையை இறக்கிப் பாயில் விட்டுவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு பந்தல் நிழலில் வந்து உட்கார்ந்தாள். ஊசியில் தடித்த வெள்ளை நூலைக் கோத்து, கிழிசலின் மேல் இப்படியும் அப்படியுமாகச் சாய்த்துச் சாய்த்துத் தைக்க ஆரம்பித்தாள். சிலந்தி மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் வலை கட்டியிருக்கவில்லை.

"ஏன் கட்டலைக்கா?"

"இன்னும் ஒரே ஒரு வலைக்குத்தான் நூல் இருக்கு. நாளைக்குத்தான் ஊரே வருதே. அது போனதும் கட்டலாமான்னு பார்த்தேன். ஆனா அதுவரைக்கும் தின்னாம இருந்தா கட்டத் தெம்பு இருக்காது." ஒரு நூலில் இறங்கி வந்து தையலைப் பார்த்தாள். பிறகு, "என்ன அவ்வளவு தடியாத் தைக்கிற? நூல் பளிச்சுனு தெரியுதே. எங்க கூட்டத்துல இப்படித் தைச்சா சிரிப்பாங்க" என்றாள்.

"தெரியட்டும்க்கா. தெரியணும்னுதான் தைக்கிறேன். இங்கே கிழிஞ்சிருந்துச்சுன்னு தெரிஞ்சா, தூளியைத் தொடற கை அந்த இடத்துல பார்த்துப் பிடிக்கும். தெரியாம தைச்சா அங்கேயேதான் பிடிச்சு இழுப்பாங்க. திரும்பவும் கிழியும்."

பவளாயி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அதற்குப் பிறகுதான் சிலந்தி கேட்டாள்:

"என்கிட்டயும் வெள்ளை நூல் இருக்கு. தெரியுமா உனக்கு?"

"வலை நூலா?"

"இல்லை. அது தனி. தடி நூல். முட்டையைச் சுத்தி வைக்கிறதுக்குன்னு வயித்துல ஒதுக்கி வச்சிருக்கேன். பட்டினி கிடந்தப்பக்கூட அதைத் தொடலை. உன் பிள்ளைக்குத் தூளி மாதிரி என் பிள்ளைங்களுக்கு அது."

"அதை வச்சு என்ன செய்யப் போற?"

"ஒண்ணும் இல்லை. இருக்குன்னு சொன்னேன்" என்று சிலந்தி இலைக்குள் போய்விட்டாள்.

காது குத்து அன்று வெளுக்கும் முன்னே வீடு எழுந்துவிட்டது. பவளாயி குடத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தபோது சிலந்தி வேலையாக இருந்தாள். வலையின் மெல்லிய நூல் எல்லாம் கட்டி முடிந்திருந்தது. நடுவில் நின்றுகொண்டு, பின்னங்காலால் வயிற்றிலிருந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தாள். பால் மாதிரி வெளுத்த நூல். அதை இப்படியும் அப்படியுமாக, இப்படியும் அப்படியுமாக மடித்து ஒட்டினாள். நடுவிலிருந்து நான்கு மூலைக்கும் நான்கு தையல்.

"அக்கா! அது பிள்ளைத் துணியாச்சே!"

"ஆமா" என்றாள் சிலந்தி, தலையைத் தூக்காமல். "நான் இருந்தாத்தானே பிள்ளை. பிள்ளை இருந்தாத்தானே துணி."

"ஆனா ஈயும் பார்த்துடுமே?"

"பார்த்துடும். பார்த்துட்டு விலகிப் போனா பட்டினி. மனுசங்க பார்க்காம வந்தா சாவு. எது மேல்னு நான் ராத்திரி முழுக்க யோசிச்சாச்சு. நீ போய் வேலையைப் பாரு."

அதற்கு முன்னால் தோட்டத்துச் சிலந்திகள் தலையை மேலே வைத்துத்தான் உட்காருவார்களாம். குளவி வானத்திலிருந்து வரும் என்ற பயம். இவள் அன்றைக்குத் திரும்பி, தலையைக் கீழே வைத்தாள். கால்கள் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். எட்டுக் காலையும் இரண்டிரண்டாகச் சேர்த்து, நான்கு வெள்ளைத் தையலின் மேலும் நீட்டி வைத்துக்கொண்டாள். பிள்ளைகளுக்கு என்று வைத்திருந்த நூல் அல்லவா? அதிலிருந்து கையை எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

குழந்தை அழுதது. காது குத்தி முடிந்தது. பந்தி போட்டார்கள். பவளாயி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பரிமாறினாள். கண் மட்டும் கொல்லைப் பக்கமே இருந்தது. புருசன்கூட, "என்ன, அங்கேயே பார்க்கிற? யாரு வர்றா?" என்று கேட்டான். அவள் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிட்டாள்.

முதல் பந்தி எழுந்தது. வெங்கம்மாதான் முன்னால் வந்தாள். அன்றைக்கென்று கொடியில் துணி எதுவும் போட்டிருக்கவில்லை. பின்னால் அவள் அண்ணன் பெரியதம்பி, எச்சில் கையை மடக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம். வெங்கம்மா வழக்கம்போலப் பேசிக்கொண்டே கயிற்றுக்குக் குனிந்து நிமிர்ந்தாள். கால் எடுத்து வைக்கப் போனவள் சட்டென்று நின்றாள். பின்னால் வந்த பெரியதம்பி அவள் முதுகில் இடித்துக்கொண்டார்.

"என்ன வெங்கம்மா, நடுவழியில?"

"அண்ணா, இதைப் பாரேன். காத்துல யாரோ தையல் போட்டு வச்சிருக்காங்க!"

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். வெறும் சந்துதான். நடுவில், எதிலும் ஒட்டாமல், வெள்ளை வெளேரென்று நான்கு தையல் அந்தரத்தில் நின்றது. சின்னப் பிள்ளைகள் கயிற்றுக்கு அடியில் புகுந்து வந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தன.

"அட, சிலந்திக் கூடு. இதுக்கா நின்ன?" என்று பெரியதம்பி சிரித்தார். "இத்தனை நாள் கண்ணுல படலை, பட்டுடுச்சு. தள்ளு, எடுத்துப் போட்டுடறேன்." சுவர் ஓரம் கிடந்த தென்னம் மட்டையை இடது கையால் எடுத்தார்.

பவளாயி கொல்லை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மனுசர் கண்ணில் பட்டால் தப்பிக்கலாம் என்று நினைத்தார்களே தவிர, கண்ணில் பட்டதைத்தான் மனுசர் முதலில் கூட்டித் தள்ளுவார்கள் என்பதை இரண்டு பேரும் யோசிக்கவில்லை. வலை முழுக்க நடுங்கிற்று. சிலந்தி பயத்தில் ஆடினாள். அவள் ஆட ஆட வலையும் முன்னும் பின்னும் குலுங்கியது.

மட்டை உயர்ந்தது.

"பெரியப்பா, வேண்டாம்!"

அத்தனை தலையும் திரும்பியது. யார் பேசியது என்று வெங்கம்மாவுக்கே தெரியவில்லை. இந்தக் குரலை அவள் இவ்வளவு சத்தமாகக் கேட்டதே இல்லை.

பேசியது பவளாயிதான். இடுப்பிலிருந்த குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். முகம் எல்லாம் சூடு. ஆனால் சொன்ன வார்த்தையை இனி எடுக்க முடியாதே. "அவ மாசமா இருக்கா" என்றாள். "சுத்திப் போங்க எல்லாரும். கொட்டகைக்குப் பின்னால வழி இருக்கு."

"யாரு மாசமா இருக்கா?" என்றார் பெரியதம்பி.

"அவதான். அந்தக் கூட்டுல இருக்கிறவ."

யாரோ சிரித்தார்கள். பெரியதம்பி மட்டையை இறக்கவும் இல்லை, ஓங்கவும் இல்லை. தங்கையைப் பார்த்தார். வெங்கம்மா வலையைக் குனிந்து பார்த்தாள். மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் வலையைப் பார்த்தாள்.

"கேட்டியா அண்ணா?" என்றாள் கடைசியில். "பிள்ளைத்தாய்ச்சி வாசல்ல வந்து மட்டையை ஓங்கிட்டு நிக்கிறியே, நல்லாவா இருக்கு? கீழே போடு. நட, நட. பின்னாடி சாணிக் குழி இருக்கு, வேட்டியைத் தூக்கிக்கோ."

பெரியதம்பி மட்டையைப் போட்டுவிட்டு முணுமுணுத்துக்கொண்டே வேட்டியைத் தூக்கினார். கூட்டம் முழுக்கச் சாணிக் குழி ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகச் சுற்றிக்கொண்டு கை கழுவப் போனது. இரண்டாம் பந்தியும் அப்படித்தான் போனது. "எங்க மருமக சொல்லிட்டா, அப்புறம் பேச்சு ஏது" என்று வெங்கம்மா ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள், ஏதோ அவள் மருமகள் தினமும் நான்கு பேரை அதட்டுகிறவள் மாதிரி.

சிலந்தி பயந்தபடி ஈக்களும் விலகிப் போகவில்லை. எச்சில் இலைக்கு வந்த ஈக்கள், வெயிலில் பளபளத்த அந்த வெள்ளையைச் சோறு என்று நினைத்தனவோ, பூ என்று நினைத்தனவோ, நேராக அங்கே வந்து விழுந்தன. அன்று சாயங்காலம் பவளாயி பார்த்தபோது சிலந்தி பேச முடியாதபடி தின்றுகொண்டிருந்தாள். "விருந்து எப்படிக்கா?" என்று கேட்டதற்கு ஒரு காலை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

அதற்குப் பிறகு யாரும் சந்தில் நுழையவில்லை. துணிக் கயிற்றை வெங்கம்மாவே அவிழ்த்து வேறு பக்கம் கட்டினாள். சிலந்தியின் வயிறு நாளுக்கு நாள் திரண்டது. முட்டை வைக்கிற நாள் வந்தது. வெள்ளை நூல்தான் செலவாகிவிட்டதே. இருந்த நூலை வைத்து, காய்ந்த அவரை இலை நிறத்தில் ஒரு சின்னப் பை செய்து, அதில் முட்டைகளை வைத்து இலைக்கடியில் கட்டினாள்.

"வெள்ளையா இல்லையேன்னு வருத்தமாக்கா?" என்று பவளாயி கேட்டாள்.

"சூடா இருக்கு. அது போதும்" என்றாள் சிலந்தி. குரல் மெலிந்திருந்தது. உடம்பும் சுருங்கியிருந்தது. "பவளாயி, இனி நான் ரொம்ப நாள் இருக்க மாட்டேன். எங்க வம்சத்துல தாய் பிள்ளை முகம் பார்க்கிறது கிடையாது."

பவளாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் குழந்தை மண்ணை அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தது. அதன் கையைத் தட்டிவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"அழாத. வலை கட்ட அதுங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அது எங்க உடம்போட வர்றது. ஆனா தையல் அப்படி இல்லை. அது நான் உன்னைப் பார்த்துக் கத்துக்கிட்டது. அது தெரியாம கட்டுச்சுங்கன்னா, என்னை மாதிரியேதான் அதுங்களும்…"

"நான் சொல்லித் தர்றேன்க்கா."

"அத்தனை குஞ்சும் காத்துல பறந்து போற கூட்டம். எதை நிறுத்தி எதுக்குச் சொல்லுவ? கண்ணால பார்த்தா ஒட்டும். அதுங்க வெளியே வர்ற வரைக்கும் என் வலை நிக்கணும். அது மட்டும் போதும்."

"நிக்கும்" என்றாள் பவளாயி.

இரண்டொரு நாளில் சிலந்தி வலையின் கீழே மண்ணில் காலை மடக்கிக் கிடந்தாள். பவளாயி அவளை எடுத்துப் பந்தல் காலடியில் புதைத்தாள்.

வலை வெறுமையாக நின்றது. காற்றுக்கு ஒரு நூல், தூசிக்கு ஒரு நூல் என்று மெல்லிய இழைகள் போய்க்கொண்டிருந்தன. தையல் மட்டும் நின்றது. மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்த புருசன், "சிலந்திதான் செத்துப் போச்சே, இனி இப்படிப் போகலாமில்ல?" என்றான்.

"போகக் கூடாது" என்றாள் பவளாயி.

"இன்னும் யாருக்குடி வழி விடறது?" என்று வெங்கம்மா கேட்டாள். "வீடு காலியாத்தானே இருக்கு?"

"அவ பிள்ளைங்க பார்க்கணும் அத்தை. தாய் கட்டினதை ஒரு தரமாவது பார்க்கணும்."

வெங்கம்மா வாயைத் திறந்தாள். எதையும் சொல்லாமல் மூடிக்கொண்டாள். அவளுக்கு அது பழக்கமே இல்லாத காரியம். அப்புறம் செம்பை எடுத்துக்கொண்டு சாணிக் குழிப் பக்கமாக நடந்தாள்.

மேற்கே மேகம் கட்ட ஆரம்பித்தது. தினமும் சாயங்காலம் வானத்தைப் பார்ப்பதும், இலையைத் தூக்கிப் பையைப் பார்ப்பதுமாக இருந்தாள் பவளாயி. மழை ஒரு தரம் பெய்தால் தையல் போய்விடும். பை அசையவே இல்லை. ஒரு நாள் தூறல் போட்டபோது, முறத்தை எடுத்துக்கொண்டு ஓடி வலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். நல்லவேளை, அது தூறலோடு நின்றது.

மறுநாள் காலை, காற்று குளிர்ந்து வீசியது. வானம் கருத்துக் கிடந்தது. பவளாயி இலையைத் தூக்கினாள். பையில் ஓட்டை விழுந்திருந்தது. அதிலிருந்து கடுகை விடச் சிறிய குஞ்சுகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தன. பந்தல் காலில் ஏறி, ஒவ்வொன்றும் பின்புறத்தைத் தூக்கி ஓர் இழையை விட்டது. காற்று இழையை இழுத்தது. குஞ்சும் கூடவே போயிற்று.

"அங்கே பாருங்க! அங்கே பாருங்க! உங்க அம்மா கட்டினது" என்று பவளாயி சத்தமாகச் சொன்னாள். எவ்வளவு சத்தம் என்றால், வெங்கம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

குஞ்சுகள் காற்றில் மிதந்து அந்தச் சந்து வழியாகத்தான் போயின. ஒவ்வொன்றும் வெள்ளைத் தையலுக்குப் பக்கத்தில் வந்ததும் ஒரு கணம் தயங்கிற்று. சில தையலின் மேலேயே உட்கார்ந்து காலால் தடவிப் பார்த்துவிட்டு, மறுபடி இழை விட்டுப் போயின. வேலிக்கு அப்பால், பக்கத்துக் கொல்லைக்கு, அதற்கு அடுத்த கொல்லைக்கு.

ஒரே ஒரு குஞ்சு மட்டும் போகவில்லை. அவரைக் கொடியின் இரண்டு காம்புக்கு நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வலை கட்டியது. கட்டி முடித்து நடுவில் வெள்ளை நூலை எடுத்தது. நான்கு மூலைக்குத் தைக்கத் தெரியவில்லை. சுற்றிச் சுற்றி, கிறுக்கின மாதிரி வட்டமாகப் போட்டது.

"ஏய், அப்படி இல்லை, குறுக்காப் போடணும்" என்று பவளாயி ஆரம்பித்தாள்.

"விடுடி. இன்னைக்குத்தானே பிறந்திருக்கு" என்றாள் வெங்கம்மா. "வளர வளர வரும்."

மத்தியானம் மழை கொட்டியது. தாயின் தையல் மழையோடு போயிற்று.

அன்று முதல்தான் தோட்டத்துச் சிலந்தி சின்னதாக இருக்கும்போது வலை நடுவில் வட்டமாகக் கிறுக்கியும், வளர்ந்த பிறகு நான்கு மூலைக்கும் வெள்ளைத் தையல் போட்டும், அதன் மேல் கால்களை இரண்டிரண்டாக நீட்டி, தலையைக் கீழே வைத்து, நாம் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பேச்சு மறந்து எத்தனையோ காலம் ஆனாலும், கை நிறையத் துணியோடு நாம் பக்கத்தில் போய்விட்டால் வலையை ஒரு குலுக்குக் குலுக்கி, சுற்றிப் போகச் சொல்லுகிறது.